டிக்கெட் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது: சேலத்திலிருந்து முதல்முறை வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு

மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில் படிக்கிறான், மகள் சிட்னியில் குடித்தனம், பேரக்குழந்தையைப் பார்க்கப் போகணும். இப்படி டிக்கெட் எடுக்கிறவர்கள் சேலத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். டிக்கெட் கைக்கு வந்ததும் வரும் முதல் குழப்பம் எல்லோருக்கும் ஒன்றுதான். பணம் கட்டியது ஒரு கம்பெனியிடம், ஏறச் சொல்வது வேறொரு கம்பெனியின் விமானத்தில். உடனே ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள். அவர் "கோட்ஷேர் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்று சொல்லி வைத்துவிடுவார்.

அவர் சொல்வது முக்கால்வாசி உண்மை. விமான நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களால் பயணிக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரே டிக்கெட்டில் எழுதியிருக்கும் தூரத்துக்கு மட்டும்தான். அதற்கு வெளியே நீங்கள் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் எந்தத் துண்டுப் பயணத்துக்கும் அந்த ஒப்பந்தம் உதவாது. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

ஒப்பந்தங்களின் வகை

மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது இன்டர்லைன். இரண்டு நிறுவனங்கள் ஒன்றின் பயணிகளை மற்றது ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொள்வது. ஒரே டிக்கெட்டில் இரண்டு கம்பெனிகளின் விமானங்களும் வரும், ஒவ்வொன்றும் தன் சொந்த எண்ணிலேயே பறக்கும். லக்கேஜைக் கடைசி ஊர் வரை டேக் போட்டு அனுப்பவும் பெரும்பாலும் வழி உண்டு.

இரண்டாவது கோட்ஷேர். ஒரு கம்பெனி ஓட்டும் விமானத்தில் இன்னொரு கம்பெனி தன் எண்ணைப் போட்டு இருக்கைகளை விற்கும். ஐந்து ரோட்டுக் கடையில் வாங்கும் தட்டுவடைப் பாக்கெட்டில் கடையின் பெயர் அச்சாகியிருக்கும், சுட்டது செவ்வாப்பேட்டையில் யாரோ ஒருவர் வீட்டில் என்பது மாதிரிதான். விற்கிறவரை மார்க்கெட்டிங் கேரியர் என்றும், ஓட்டுகிறவரை ஆபரேட்டிங் கேரியர் என்றும் சொல்வார்கள். டிக்கெட்டில் "ஆபரேட்டட் பை" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதுதான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது அலையன்ஸ், அதாவது கூட்டணி. உலக அளவில் பெரியவை மூன்று. 1997-ல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸ், 1999-ல் வந்த ஒன்வேர்ல்டு, 2000-ல் வந்த ஸ்கைடீம். நம் பக்கத்துப் பயணிகளுக்கு அடிக்கடி வருகிற பெயர்களில் ஏர் இந்தியா (2014 ஜூலையில் சேர்ந்தது), சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா ஆகியவை ஸ்டார் அலையன்ஸ். கத்தார், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவை ஒன்வேர்ல்டு. ஏர் ஃபிரான்ஸ், கேஎல்எம் ஸ்கைடீம். எமிரேட்ஸும் எதிஹாதும் எதிலும் இல்லை. இண்டிகோவும் இந்த மூன்றிலும் இல்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றோடு தனித்தனியாகக் கோட்ஷேர் வைத்திருக்கிறது.

இதில் ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரே கூட்டணியில் இருக்கும் இரண்டு கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட் எடுத்தாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது. அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. கூட்டணியின் பலன் முக்கியமாக மைல் பாயின்ட் (பறக்கப் பறக்க உங்கள் கணக்கில் சேரும் புள்ளி), லவுஞ்ச், முன்னுரிமை வரிசை போன்றவற்றில்தான். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் காப்பாற்றுவது டிக்கெட், கூட்டணி அல்ல.

அப்புறம் இன்னொன்று. அலையன்ஸ் ஏர் என்ற பெயரைப் பார்த்து அது ஏதோ ஒரு கூட்டணியில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு அது ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். 2022-ல் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது இது மத்திய அரசிடமே தங்கிவிட்டது. அன்றிலிருந்து தன் சொந்த எண்ணில் பறக்கிறது.

படி 1: எங்கிருந்து தொடங்குவது

கமலாபுரம் விமான நிலையத்தின் கதை நமக்குத் தெரிந்ததே. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது, சில வருடங்களில் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. வருவதெல்லாம் எழுபது, எண்பது பேர் அமரும் ஏடிஆர் ரக விமானம். எந்த ஊருக்கு எந்த நாளில் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, சேலத்திலிருந்தே ஒரே டிக்கெட்டாக விற்கிறார்களா என்பது.

தேடும்போது ஊர்ப் பெயரைத் தட்டாதீர்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் இருக்கிறது, அதற்கும் விமான நிலையம் உண்டு. நம்முடையதன் குறியீடு எஸ்எக்ஸ்வி. அவர்களுடையது எஸ்எல்இ. குறியீட்டைப் போட்டுத் தேடினால் வம்பில்லை.

சேலத்திலிருந்து நேராக இணைத்து ஒரே டிக்கெட் கிடைத்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதை எடுக்கலாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால், பெரிய ஊரிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டு அதுவரை ரயிலிலோ காரிலோ போவதே உத்தமம். திருச்சி சுமார் 140 கிலோமீட்டர், கோவை 165, பெங்களூரு 200. பெங்களூரு விமான நிலையம் ஊரைத் தாண்டித் தேவனஹள்ளியில் இருக்கிறது, ஊருக்குள் மாட்டும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், கொழும்பு வழியாகப் போகிறவர்கள் சென்னையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காமல் திருச்சியையும் பார்க்கலாம்.

கூடாதது எது என்றால், சேலம்–சென்னை விமானத்தைத் தனியாக எடுத்து, அதே நாளில் சென்னையிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு டிக்கெட்டோடு இடுக்கிப் பொருத்துவது. சேலத்து விமானம் ரத்தானால் அன்றைக்கு அடுத்த விமானம் இருக்காது. வெளிநாட்டு விமானக் கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அப்படித்தான் போக வேண்டும் என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

படி 2: ஒரே டிக்கெட்தானா என்று சரிபார்ப்பது

இதில் பலர் பிஎன்ஆரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். ஒரே பிஎன்ஆரில் எல்லா விமானங்களும் இருந்தால் ஒரே டிக்கெட் என்று நினைக்கிறோம். ஏஜென்ட் நினைத்தால் ஒரே பிஎன்ஆருக்குள் இரண்டு தனி டிக்கெட்டுகளைப் போடலாம். பார்க்க வேண்டியது 13 இலக்க ஈ-டிக்கெட் எண்ணை. எல்லாப் பயணத் துண்டுகளுக்கும் அதே எண் இருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் நான்கு துண்டுகள்தான் அடங்கும் என்பதால், ஐந்தாவது துண்டு இருந்தால் அதற்கு அடுத்த எண் வரும். அது பரவாயில்லை. முற்றிலும் வேறு எண் வந்தால் அது வேறு டிக்கெட்.

அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வெளியிட்ட கம்பெனியைச் சொல்லும். 098 என்றால் ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 157 கத்தார், 176 எமிரேட்ஸ், 220 லுஃப்தான்சா. தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுவது போன்ற எல்லாவற்றுக்கும் இவர்களிடம்தான் போக வேண்டும், அல்லது இவர்கள் பெயரில் விற்ற ஏஜென்ட்டிடம். விமானத்தை ஓட்டுகிற கம்பெனியின் கவுன்டரில் போய் ரீஃபண்ட் கேட்டால் கைவிரிப்பார்கள். சில பட்ஜெட் நிறுவனங்களின் நேரடி டிக்கெட்டில் இந்த எண்ணே இருக்காது, பிஎன்ஆர் மட்டும்தான்.

இணையத்தில் மலிவாக வரும் சில டிக்கெட்டுகளில் "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்று போட்டிருக்கும். அதாவது ஒப்பந்தமே இல்லாத இரண்டு கம்பெனிகளை விற்பனைத் தளமே சேர்த்துக் கட்டியது. நடுவழி ஊரில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, லக்கேஜை எடுத்து, திரும்பச் செக்-இன் செய்ய வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா இல்லையென்றால் அதோடு முடிந்தது. இங்கேயே, முதல் வெளிநாட்டு விமானத்தில் ஏற்றும்போதே கூட நிறுத்திவிடுவார்கள். முதல்முறை போகிறவர்களும் வயதானவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 3: ஓட்டுவது யார் என்று பார்த்துவிட்டு வாங்குவது

ஒரே விமானம், ஒரே இருக்கை வரிசை, இரண்டு கம்பெனிகளின் தளத்தில் இரண்டு விலை. இது சகஜம். எனவே "ஆபரேட்டட் பை" வரியைப் படித்துவிட்டு, ஓட்டுகிற கம்பெனியின் தளத்திலும் அதே விமானத்தின் விலையைப் பாருங்கள். விலை மட்டுமல்ல, லக்கேஜ் அளவும் மாறும்.

ஓட்டுவது யார் என்பது சாப்பாட்டுக்கும் இருக்கைக்கும் மட்டும் உள்ள சங்கதி அல்ல. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் திருச்சியிலிருந்து சிட்னிக்கு டிக்கெட் எடுத்தால், திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை உங்களை ஏற்றுவது அவர்களுடைய பட்ஜெட் துணை நிறுவனமான ஸ்கூட்டாக இருக்கும். டிக்கெட் ஒன்றுதான், லக்கேஜும் நேராகப் போய்விடும், ஆனால் விமானத்துக்குள் இருப்பது ஸ்கூட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உபசரிப்பை எதிர்பார்த்து ஏறி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு இதில் காசே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ கடைசி நேரத்தில் ரத்தானாலோ பயணிக்கு நஷ்டஈடு உண்டு. நம் ஊர்த் தூரத்துக்கு அது 600 யூரோ வரை வரும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்தக் கம்பெனியின் விமானத்துக்கும் இது பொருந்தும். இந்தியாவிலிருந்து அங்கே போகும்போதோ, விமானத்தை ஓட்டுவது ஐரோப்பியக் கம்பெனியாக இருந்தால் மட்டும்தான். ஏர் இந்தியா எண்ணில் வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் ஓட்டுவது லுஃப்தான்சா என்றால் உரிமை உண்டு. லுஃப்தான்சா எண்ணில் வாங்கி ஓட்டுவது ஏர் இந்தியா என்றால் போகும் வழியில் இல்லை. வேலை இப்படித் தலைகீழாக நடக்கும். அந்தச் சின்ன எழுத்து வரியின் மதிப்பு இதுதான்.

படி 4: இரண்டாவது பிஎன்ஆரை வாங்கிக்கொள்வது

டிக்கெட் எடுத்த அன்றே ஏஜென்ட்டிடம் இதைக் கேளுங்கள்: "ஓட்டுற ஏர்லைனோட பிஎன்ஆர் என்னங்க?" ஏஜென்ட்டின் கணினியில் ஒரு ஆறெழுத்துக் குறியீடு, விற்ற கம்பெனியில் ஒன்று, ஓட்டுகிற கம்பெனியில் இன்னொன்று என்று மூன்று இருக்கலாம். கோட்ஷேர் டிக்கெட்டில் இருக்கை தேர்வு செய்ய முடியவில்லை, தளத்தில் "பதிவு இல்லை" என்று வருகிறது என்று பதறுகிறவர்களில் பலருக்குக் கையில் இருப்பது தவறான குறியீடு. ஓட்டுகிற கம்பெனியின் தளத்தில் அவர்களுடைய குறியீட்டைப் போட்டால் பதிவு திறக்கும்.

அதில் நுழைந்து நான்கு விஷயம் பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா (தமிழ்நாட்டு இனிஷியல் பெயர்களுக்கு இது ஒரு தனிப் பாடு), விமான நேரம் இரண்டு தளத்திலும் ஒன்றாக இருக்கிறதா, சைவச் சாப்பாடு பதிவாகியிருக்கிறதா, வீல்சேர் பதிவாகியிருக்கிறதா. விற்ற கம்பெனியிடம் சொன்ன வீல்சேர் வேண்டுகோள் ஓட்டுகிற கம்பெனிக்குப் போய்ச் சேராமல் போவது நடக்கிற விஷயம். அம்மா அப்பாவைத் தனியே அனுப்புகிறவர்கள் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஓட்டுகிற கம்பெனிக்கே போன் போட்டு உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக.

நேர மாற்றமும் அப்படித்தான். ஓட்டுகிற கம்பெனி நேரத்தை மாற்றினால், அது விற்றவருக்குப் போய், அங்கிருந்து ஏஜென்ட்டுக்குப் போய், அவர் வாட்ஸ்அப்பில் உங்களுக்குச் சொல்வதற்குள் எங்காவது நின்றுவிடலாம். வாரம் ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

படி 5: லக்கேஜ்

ஒரே டிக்கெட்டில் பல கம்பெனிகள் இருந்தால் யார் சொல்லும் எடை செல்லும் என்பதற்குச் சிக்கலான விதிகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். ஈ-டிக்கெட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அச்சாகியிருப்பதைப் பாருங்கள். 2பிசி என்றால் இரண்டு பெட்டி, 30கே என்றால் மொத்தம் 30 கிலோ. கவுன்டரில் தகராறு வந்தால் அந்த அச்சுப் பிரதிதான் உங்கள் சாட்சி, கையில் ஒரு தாளாக இருக்கட்டும். தனி டிக்கெட்டில் எடுத்த சேலம் விமானத்துக்கு அது செல்லாது. உள்நாட்டு அளவு பெரும்பாலும் 15 கிலோ. இரண்டு பெட்டி நிறையக் கொலுசும் காபித்தூளும் மாங்காய் ஊறுகாயும் கட்டிக்கொண்டு கமலாபுரம் போனால், மீதி எடைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கவுன்டரில் பெட்டியை வைத்ததும் கேட்க வேண்டியது: "தம்பி, லக்கேஜ் எந்த ஊர் வரைக்கும் டேக் போட்டிருக்கீங்க?" பதிலைக் கேட்டதோடு நிற்காமல் டேக்கில் பெரிதாக அச்சாகியிருக்கும் மூன்றெழுத்தைப் பாருங்கள். நீங்கள் போகிற ஊரின் குறியீடு அங்கே இருக்க வேண்டும். டேக்கின் சின்னத் துண்டைப் பாஸ்போர்ட் பின்னால் ஒட்டித் தருவார்கள், அதைக் கிழித்து எறியாதீர்கள். நடுவழி ஊரின் குறியீடு இருந்தால், அங்கே இறங்கிப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது வேறு கதை. ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. டெல்லி வழியாகச் சென்னை வருகிறவர்கள் இதை மறந்து நேரே அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார்கள், பெட்டி டெல்லியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெங்களூரில் இன்னும் ஒரு சங்கடம். 2023 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் டெர்மினல் 2, உள்நாட்டு இண்டிகோ டெர்மினல் 1. நடுவில் ஷட்டில் பஸ் ஓடுகிறது. அதற்கும் சேர்த்து நேரம் விடுங்கள்.

படி 6: கிளம்பும் நாள்

போக வேண்டிய கவுன்டர் ஓட்டுகிற கம்பெனியுடையது. டிக்கெட்டில் இருக்கும் கம்பெனியின் கவுன்டரில் வரிசையில் நின்று, முறை வந்ததும் "அந்தப் பக்கம் போங்க" என்று அனுப்பப்படுவதைச் சென்னையில் எந்த இரவிலும் பார்க்கலாம். எல்லாத் துண்டுக்கும் போர்டிங் பாஸ் கேளுங்கள். இரண்டாவது கம்பெனியுடையது இங்கே அச்சாகாவிட்டால் நடுவழி ஊரில் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் வாங்கிக்கொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை.

இதில் சேலத்துக்காரர்கள் மாட்டும் பொறி ஒன்று இருக்கிறது. சேலம்–சென்னை–வெளிநாடு என்று ஒரே டிக்கெட். சேலத்து விமானம் ரத்தாகிறது. "சரி, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை போய் அடுத்த விமானத்தில் ஏறிக்கொள்வோம்" என்று தோன்றும். அப்படியே கிளம்பிவிடாதீர்கள். முதல் துண்டில் ஏறாத பயணியின் மீதித் துண்டுகளையும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, கணினி தானாக ரத்து செய்துவிடும். முதலில் டிக்கெட் வெளியிட்ட கம்பெனியைக் கூப்பிட்டு, முதல் துண்டை நீக்கி மீதியை அப்படியே வைக்கச் சொல்லி, புதிய டிக்கெட் மின்னஞ்சலில் வந்த பிறகு ரயில் ஏறுங்கள். விமானம் ரத்தாகாமல், நீங்களாகவே "ரயில் வசதி" என்று முதல் துண்டை விட்டாலும் இதே கதிதான்.

நடுவழியில் விமானம் தவறினால் ஓடி அலையாமல், உங்களைத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்த கம்பெனியின் டெஸ்க்குக்குப் போங்கள். ஒரே டிக்கெட் என்பதால் மாற்று விமானம் கொடுப்பது அவர்கள் கடமை. கூட்டணிக் கம்பெனியின் விமானத்தில் இடம் இருந்தால் அதையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

படி 7: பெட்டி வராவிட்டால்

கடைசியாக உங்களை இறக்கிவிட்ட கம்பெனியிடம்தான் புகார் கொடுக்க வேண்டும், தொலைத்தது யாராக இருந்தாலும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பிஐஆர் என்னும் புகார்ப் படிவத்தை எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனால் வழக்கு பாதி தோற்றது.

இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமானால் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாள் கழிந்தும் வராவிட்டால் தொலைந்ததாகவே கருதி நஷ்டஈடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம். விற்றவர், ஓட்டியவர் இருவரையுமே பொறுப்பாளியாக்க அந்த ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. "அவரிடம் போங்கள், இவரிடம் போங்கள்" என்று பந்தாடினால் இதை எழுதிக் காட்டுங்கள். இடைக்காலத்தில் வாங்கிய துணிமணிக்கான பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

மைல் பாயின்ட்

வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை, ஆனாலும் இலவசம். ஒரு கூட்டணிக்கு ஒரே ஒரு உறுப்பினர் எண் போதும். லுஃப்தான்சாவில் பறந்தாலும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்தாலும் ஏர் இந்தியா கணக்கிலேயே சேர்க்கலாம், மூன்று இடத்தில் சில்லறையாகச் சிதறவிட வேண்டாம். மலிவு வகுப்பு டிக்கெட் சிலவற்றுக்குப் பாயின்ட்டே கிடையாது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்கூட் இரண்டும் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர்கள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். கோட்ஷேர் பயணத்தில் பாயின்ட் ஏறாமல் விட்டுப்போவது அதிகம், அப்போது கேட்டு வாங்கப் போர்டிங் பாஸும் ஈ-டிக்கெட் எண்ணும் தேவைப்படும். கணக்கில் ஏறும்வரை இரண்டையும் போட்டோ எடுத்து வைத்திருங்கள்.